எதிர்முறுக்கு

உலையை அணைக்கப் போவதாக ஊதுகாரர் சொன்னது சாப்பிடும்போது. அதுவும் உப்பு கேட்டதற்கும் தண்ணீர் கேட்டதற்கும் நடுவில். அவர் மனைவி உப்பை எடுத்து வைத்தாள். தண்ணீரையும் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே சொல்லப்பட்டதற்கு எதை எடுத்து வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடி உலை நினைத்தபோது பற்றவைத்து நினைத்தபோது அணைக்கும் அடுப்பு அன்று. உள்ளே உருகிய கண்ணாடியைத் தாங்கி நிற்கும் மண்தொட்டி ஒருமுறை ஆறினால் விரிசல் விடும். விரிசல் விட்ட தொட்டி அதோடு சரி. ஆகையால் அந்த வீட்டு உலை, அவர்கள் குடிவந்து பற்றவைத்த நாளிலிருந்து, காய்ச்சலுக்கோ சாவுக்கோ அணைந்ததில்லை. பட்டறைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் எந்நேரமும் வெதுவெதுவென்றிருக்கும். ரொட்டி மாவு பொங்குவது அதன் ஓரத்தில். மழைக்காலத்தில் துணி காய்வதும் அதன்மேல். மற்ற வீடுகளில் வீட்டைக் காலி செய்கிறேன் என்பதற்கு என்ன பொருளோ, அந்த வீட்டில் உலையை அணைக்கிறேன் என்பதற்கு அதே பொருள்.

“அணைச்சுட்டு?” என்று கேட்டாள்.

“பெரிய தொழிற்சாலையில கூப்பிட்டிருக்காங்க. வலைக்கண்ணாடிக்குன்னே தனிப் பிரிவு தொடங்குறாங்க, நான்தான் பொறுப்பு. முதல்ல நான் போறேன். எல்லாம் ஒரு நிலைக்கு வந்ததும் நீ வரலாம்.”

“கூப்பிட்டிருக்காங்களா, வர்றேன்னு சொல்லிட்டீங்களா?”

உருளைக்கிழங்கின் தோலை உரித்தபடியே, இரண்டும் ஒன்றுதானே என்றார் அவர். இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிய தட்டுகளை மறுபடியும் கழுவினாள்.

அவர் போக நினைத்ததிலும் நியாயம் இல்லாமலில்லை. உலைக்குப் பக்கத்தில், செய்துகொண்டிருக்கும் பொருளை இடையிடையே சூடேற்றுவதற்கு ஒரு சிறிய அடுப்பு இருந்தது. அதன் வாய்க்குள் மனிதத் தலைக்கு மேற்பட்ட அளவில் எதுவும் நுழையாது. ஆகவே அந்தப் பட்டறையில் ஊதப்பட்ட விளக்குக் குமிழ்கள் எல்லாம் தலையளவோடு நின்றன. அவர் கைகளோ கொஞ்ச காலமாக அதைவிடப் பெரிய ஏதோ ஒன்றைக் காற்றில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, இல்லாத ஒரு குமிழின் இடுப்பை அளப்பார். வாசலுக்கும் பட்டறைக்குமாக நடப்பார். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். அந்த வாரம் முழுவதும் மழையைக் கொண்டுவராத காற்று ஒன்று அடித்து, கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தகரம் தட்டும்போதெல்லாம் அவர் யாரோ கதவைத் தட்டியதுபோல் எழுந்து நின்றார்.

வலைக்கண்ணாடி அவர்கள் கண்டுபிடித்ததன்று. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், வெனிஸ் நகரை அடுத்த ஒரு தீவில் அது உண்டாயிற்று. செய்முறையைச் சொல்வது எளிது. வெள்ளைக் கண்ணாடி இழைகளை, பென்சில்களை அடுக்குவதுபோல், ஒரு தகட்டின்மேல் வரிசையாக அடுக்கிச் சூடேற்றுவார்கள். அவை இளகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதும், ஊதுகுழலின் நுனியிலுள்ள கண்ணாடியை வரிசையின்மேல் உருட்டினால் இழைகள் பாயைப்போல் அதைச் சுற்றிக்கொள்ளும். திறந்த முனையைக் கிள்ளி மூடி, அந்த முனையை இடுக்கியால் அசையாமல் பிடித்துக்கொண்டு குழலை உருட்டினால், நேராக இருந்த இழைகள் முறுக்கிக்கொண்டு சாய்வாக ஓடும். பிறகு ஊதிக் குமிழாக்குவது. இப்படி இரண்டு குமிழ்கள் வேண்டும். ஒன்றின் முறுக்கு மற்றதன் முறுக்குக்கு எதிராக இருக்கவேண்டும். ஒன்றைக் கிண்ணமாகத் திறந்து, மற்றதை அதற்குள் விட்டு ஊதினால், இழைகள் ஒன்றையொன்று வெட்டி வலையாகும். இழைகள் புடைத்திருப்பதால் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் சிறிது காற்று வெளியேற வழியின்றி அகப்பட்டு, கடுகளவு குமிழாக நின்றுவிடும். பார்ப்பவர்கள் அத்தனை குமிழ்களையும் யாரோ ஊசியால் ஒவ்வொன்றாக வைத்ததாக நினைப்பார்கள். யாரும் வைப்பதில்லை. அந்த வீட்டில் அவற்றுக்குக் கண்மணி என்று பெயர்.

சொல்வதுதான் எளிது. இரண்டு குமிழ்களும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். ஒன்று ஆறியிருந்தால் வெடிக்கும். ஒன்று மிஞ்சியிருந்தால் இழைகள் கூழாகும். ஆகவே இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டு பேரும் முன்பு ஒரே தொழிற்சாலையில் விளக்குக் கூடுகள் ஊதியவர்கள். அங்கே அவளுக்கு நொட்டாங்கை என்று பெயர். ஊதுகாரர் உட்காரும் பெஞ்சுக்கு நாற்காலிக்கு இருப்பதுபோல் இரண்டு கைகள் முன்னால் நீண்டிருக்கும். குழலை அவற்றின்மேல் கிடத்தி, ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறுகையால் கருவியைப் பிடிப்பார்கள். உலகத்துப் பெஞ்சுகள் எல்லாம் சோத்தாங்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை: கருவிப் பலகை வலப்பக்கம், கண்ணாடியும் வலப்பக்கம். அவள் இடக்கையால் இடுக்கியைப் பிடித்து, உடம்பை ஒடித்துக்கொண்டு வேலை செய்ததைக் கண்டு சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். கல்யாணம் நிச்சயமானதும் கருவிப் பலகையை இடப்பக்கம் வைத்து ஒரு பெஞ்சு அடித்துக் கொடுத்தார். மோதிரம் போடவேண்டிய மாப்பிள்ளை பெஞ்சு போட்டார் என்று அவள் அண்ணன் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தொழிற்சாலையில் வலைக்கண்ணாடியைச் செய்து பார்த்த எல்லாருக்கும் அது பிடி கொடுக்காமல் இருந்தது. இவர்கள் இருவரும் உட்கார்ந்த முதல் தடவையே வலை விழுந்தது. எல்லாரும் கைராசி என்றார்கள். இவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். முறுக்கவேண்டிய கணம் வந்ததும் அவர் “முன்னால” என்பார். இருவரும் குழலைத் தம் உடம்பிலிருந்து விலக்கி முன்னால் தள்ளி உருட்டுவார்கள். வலை விழும். வேறு சொல் அந்தப் பட்டறையில் தேவைப்பட்டதே இல்லை.

அந்தச் சொல் ஏன் போதுமாயிருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது ஒரு போர்வையால். அவள் அண்ணன் சாணைக்காரர். கொல்லையில் சாணைச் சக்கரத்தில், ஊதிய கண்ணாடியின் விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவர் வேலை. மனைவி போனபின் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவர். ஒருநாள் துவைத்த போர்வையின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து அவள் பிழியத் தொடங்கினாள். இருவரும் முறுக்கினார்கள், போர்வை முறுக்கேறாமல் கயிறுபோல் சுழன்றுகொண்டே இருந்தது.

“என்ன தங்கச்சி, நான் போடுற முறுக்கை எல்லாம் நீ அங்க அவுத்து விட்டுட்டு இருக்க” என்றார் அவர்.

அவள் நின்று, தன் கையைப் பார்த்தாள்; அவர் கையைப் பார்த்தாள். வழக்கமான இரண்டு கைகள் எதிரெதிரே நின்று முறுக்கினால் துணி பிழியப்படும். அவள் கை வழக்கமான கை அன்று. பட்டறையில் அதனாலேயே வலை விழுகிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. கண்ணாடி ஊதுகாரருக்கு வலப்பக்கம், அவளுக்கு இடப்பக்கம். இருவரும் முன்னால் தள்ளினால் முறுக்குகள் தாமாகவே எதிரெதிராகிவிடுகின்றன. ஈரக்கையோடு உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு கண்ணாடியைச் சூட்டில் பிடித்திருந்தார். தலையை ஆட்டினார். கண்ணாடியைப் பார்த்து ஆட்டினாரா, அவளைப் பார்த்து ஆட்டினாரா என்று அவள் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

வேலையில் சேர்வதற்குமுன் தொழிற்சாலை மேலாளர் நேரில் வந்து, வலைக்கண்ணாடி ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. வழக்கம்போல் இருவரும் உட்காரலாம் என்றார் ஊதுகாரர். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்; நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அங்க தனியாத்தானே போறீங்க. தனியாவே செஞ்சு காட்டுங்க.”

அவருக்கு அது சுட்டது. தொலைபேசியில் மேலாளரிடம் அங்கிருந்தே ஒரு துணையாளைக் கூட்டிவரச் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பட்டறையைப் பெருக்கினார். பெருக்கியதைக் காற்று திரும்பக் கொண்டுவந்து போட்டது.

சாணைக்காரர் தங்கையிடம் வந்து, கோபம் வேறு தொழில் வேறு, போய் உட்கார் என்று சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை தோற்றால் ஊர் சிரிக்கும் என்றார். ஜெயித்தால் வீடு காலி என்றும் அவரே சொன்னார். இரண்டில் எது நடக்கவேண்டும் என்று நீ சொல்லேன் அண்ணே என்று அவள் கேட்டதும், சாணைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று எழுந்து போனார்.

மேலாளர் மெலிந்த மனிதர்; பேச்சில் மரியாதை மிகுந்தவர். அவர் கூட்டிவந்த ஆள் உலைக்கு முன்னும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாதவர். நடுவயது, நல்ல தோள், நல்ல மூச்சு. தொழிற்சாலையில் அவருக்கே முழுக்கைச் சட்டை என்றுதான் பெயராம். அதை அவரே சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார். முன்கையில் வாங்கிய சூட்டுத் தழும்புகளை வீட்டில் காட்டாமல் இருப்பதற்காகப் போடத் தொடங்கியது, பிறகு பழக்கமாகிவிட்டது என்றார்.

உலையில் உருகிய கண்ணாடி தெளிவதற்குக் காத்திருந்தபோது மேலாளர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தீவின் கதையைச் சொன்னார். ஊருக்குள் தீப்பிடிக்கும் என்று கண்ணாடிக்காரர்களை எல்லாம் தீவுக்கு அனுப்பினார்களாம். பிறகு தொழில் ரகசியம் வெளியே போகும் என்று, தீவைவிட்டு யாரும் வெளியேறக்கூடாது என்று சட்டம் போட்டார்களாம். ஓடிப்போனவர்களைத் திரும்பி வரச் சொல்லி மிரட்டினார்களாம். அப்படியும் ஆட்கள் ஓடினார்கள். போன இடமெல்லாம் அதே கண்ணாடியைச் செய்தார்கள்.

“அந்தச் சட்டம் இங்க இருந்திருந்தா என் தங்கச்சிக்கு வேலை மிச்சம்” என்றார் சாணைக்காரர்.

மேலாளர் புரியாமல் சிரித்தார். ஊதுகாரர் எழுந்து, இழைகளைத் தகட்டில் அடுக்கப் போனார்.

சமையலறைச் சன்னல் பட்டறையைப் பார்த்தது. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வேண்டியதற்கு மேலாகவே பிசைந்தாள். முழுக்கைச் சட்டைக்காரர் அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்து, வலக்கையை நீட்டி, அங்கே எதுவும் இல்லாததைக் கண்டு எழுந்தார். எல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறதே என்றார். ஊதுகாரர் இரண்டு ஆணியைக் கழற்றி, கருவிப் பலகையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றி அடித்தார். இடுக்கி, கத்தரி, நனைத்த மரக்கரண்டி, ஒவ்வொன்றையும் எடுத்து மறுபுறம் வைத்தார். எந்தக் கருவிக்கு எந்த இடம் என்பதில் அவர் பிசகவே இல்லை. அதைப் பார்த்தபடி நின்ற அவளுக்கு, தன்னை யாரோ தூக்கி வேறிடத்தில் வைப்பதுபோல் இருந்தது. அதே கணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அவர் பலகையை மாற்றிவிட்டார்; சொல்லை மாற்றப் போவதில்லை.

இழைகள் இளகின. இருவரும் அடுத்தடுத்து எடுத்துச் சுற்றினார்கள்; முனைகளைக் கிள்ளி மூடினார்கள். முழுக்கைச் சட்டைக்காரர் கைதேர்ந்தவர் என்பது குழல் அவர் கையில் அலையாமல் சுழன்றதில் தெரிந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். இப்போது இருவரின் கண்ணாடியும் அவரவர் வலப்பக்கத்தில் ஒளிர்ந்தது.

“முன்னால” என்றார் ஊதுகாரர்.

குழல்கள் முன்னால் உருண்டன.

இன்னும் நேரம் இருந்தது. முறுக்கியது இறுகுவதற்குள், மறுபடி சூட்டில் காட்டி எதிர்ப்பக்கம் உருட்டினால் முறுக்கு அவிழ்ந்து திரும்பிக்கொள்ளும். சன்னலிலிருந்து ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவள் வாயில் வந்து நின்றது. சொன்னால் வலை விழும். வலை விழுந்தால் உலை அணையும். சொல்லாவிட்டால் அவர் இங்கேயே இருப்பார். அவளுடைய வாய்மூடலால் கட்டிப்போடப்பட்டு, அது தெரியாமல். இரண்டு குமிழ்களும் சூட்டு வாய்க்குள் போய் வெளியே வந்தன. அவள் மாவைப் புரட்டிப் போட்டாள். ஒன்று கிண்ணமாகத் திறந்தது. மற்றது அதற்குள் இறங்கியது. ஊதுகாரர் கன்னம் புடைக்க ஊதினார்.

குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். இழையின்மேல் இழை படுத்து, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வழுவழுவென்று ஓடியது. வலையும் இல்லை, கண்ணும் இல்லை.

“அழகாத்தான் இருக்கு” என்றார் மேலாளர், வருந்துகிறவர்போல. “ஆனா இது வந்து...”

“வாரிவிட்ட தலை” என்றார் சாணைக்காரர்.

ஊதுகாரர் அதை உடைந்த கண்ணாடி போடும் தொட்டிக்குள் தட்டினார். அது உள்ளே விழுந்து வெடித்தது. உலையில் இன்னும் கண்ணாடி இருக்கிறது, இன்னொன்று செய்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். செம்பை எடுத்தார், குடிக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து சன்னல் வழியாக இரண்டு பெஞ்சும் தெரிந்தன, இரண்டிலும் கருவிப் பலகை ஒரே பக்கத்தில். அவள் நின்ற இடமும் அதுவே.

“நீ பாத்துட்டு இருந்த.”

“ஆமா.”

“அவர் முன்னால உருட்டுறப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“நீங்க பலகையை மாத்தி அடிச்சப்பவே தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கேன். போர்வை பிழிஞ்ச அன்னிக்கு. நீங்க தலையாட்டினீங்க.”

அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாத தேடல். கடைசியில் செம்பைக் கீழே வைத்தார்.

“இன்னிக்குச் சொல்லலையே.”

“நீங்க வர்றேன்னு அவங்ககிட்டச் சொன்ன அன்னிக்கு என்கிட்டச் சொன்னீங்களா?”

கூரைத் தகரம் ஒருமுறை தூக்கிப் போட்டது. அவர் எழுந்து நிற்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

“கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு இருந்துச்சு” என்றார். “இந்த அடுப்பு வாயைப் பாத்துப் பாத்து எனக்கு மூச்சு முட்டுது. ஒரு ஆள் உயரத்துக்கு ஒண்ணு ஊதணும். ஒரே ஒண்ணு. அது தப்பா?”

“தப்புன்னு யார் சொன்னா? கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கக்கூட விடலை நீங்க.”

வெளியே மேலாளர் தொண்டையைச் செருமினார். ஊதுகாரர் தண்ணீரைக் குடிக்காமலே போனார்.

இரண்டாவது தடவை இழைகளை அடுக்கும்போது அவர் கை நிதானமாக இருந்தது. இருவரும் எடுத்தார்கள், சுற்றினார்கள், கிள்ளினார்கள். உட்கார்ந்ததும் அவர் முழுக்கைச் சட்டைக்காரரிடம், “நீங்க மட்டும் பின்னால இழுத்து உருட்டுங்க” என்றார். எத்தனையோ வருஷமாக முன்னாலேயே போய்ப் பழகிய உள்ளங்கை அது. தொடங்கியதும் தானாக முன்னால் போயிற்று. அவர் பல்லைக் கடித்து நிறுத்தி, பின்னால் இழுத்தார். குழல் தடுக்கித் தடுக்கி வந்தது. முறுக்கு ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் விழுந்தது. ஊதுகாரர் பொறுத்திருந்தார், சூட்டை அவருக்காகத் தணித்தும் ஏற்றியும் கொடுத்தார். குமிழ் குமிழுக்குள் இறங்கியது. ஊதியதும், வலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி விழுந்தது. கண்கள் திறந்தன. ஒவ்வொன்றிலும் கடுகளவு காற்று.

மேலாளர் கைதட்டப் போய், இடம் பார்த்து நிறுத்திக்கொண்டார். பழகினால் இன்னும் சீராக வரும், இது போதும், இதற்கு மேல் பார்க்கவேண்டியது ஒன்றுமில்லை என்றார். முழுக்கைச் சட்டைக்காரர் மணிக்கட்டை உதறிக்கொண்டு நின்றார்.

அவள் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். ஆறவைக்கும் உலைக்குள் வைப்பதற்குமுன், ஊதுகாரர் அதை அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். அவள் குனிந்து பார்த்தாள். அவர் மற்ற யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“மேல கண்ணு நெருங்கியிருக்கு. கீழ வாயைப் பொளந்துட்டு நிக்குது” என்றாள். பிறகு, “ஆனா வலைதான். நல்லா வந்திருக்கு.”

அது பொய் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்த விஷயத்தில் அவள் பொய் சொன்னதே இல்லை. ஊதுகாரர் அதை ஆறவைக்கும் உலைக்குள் வைத்துக் கதவை மூடினார்.

எப்போது வந்து சேர்வீர்கள் என்று மேலாளர் கேட்டார். ஊதுகாரர், உலையை மெல்ல மெல்லத் தணித்து அணைக்கவேண்டும், கருவிகளை ஒழுங்குசெய்யவேண்டும், எப்படியும் கொஞ்ச நாளாகும் என்று கணக்குச் சொல்லத் தொடங்கினார்.

“உலையை அணைக்க வேண்டியதில்லை” என்றாள் அவள்.

அவர் திரும்பினார்.

“நீங்க போங்க. நான் போக வேண்டாம்னு சொல்லலை. உலை எரியட்டும். நான் பாத்துக்கிறேன்.”

“எரிஞ்சு? தனியா உக்காந்து என்ன ஊதுவ?”

“ஊதுறதைத்தான். வலை.”

“வலைக்கு ரெண்டு பேர் வேணுமே. உனக்கு எதிர்ல யார் உக்காருவா?”

“யாராவது.” அவள் சுற்றிப் பார்த்து, முழுக்கைச் சட்டைக்காரரைக் காட்டினாள். “இவர் மாதிரி யாராவது. என் எதிர்ல உக்கார்றவங்க எதையும் மாத்திக்க வேண்டாம். முன்னால தள்ளினாப் போதும். எல்லாரும் முன்னாலதானே தள்ளுறாங்க.”

“முன்னாலன்னா சுலபம்ங்க” என்றார் முழுக்கைச் சட்டைக்காரர், மணிக்கட்டைத் தேய்த்தபடி, உண்மையான ஆதரவோடு. “தூக்கத்துலகூட உருட்டிடலாம்.”

சாணைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக்கி விழுங்கினார்.

ஊதுகாரர் அங்கேயே நின்றார். அவருக்கு அந்தக் கணக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், எதிரே உட்காருகிற ஒவ்வொருவரையும் பின்னால் இழுக்கப் பழக்கவேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டுவார்கள். அவள் இருக்கிற இடத்திலேயே இருந்தாலும், உலகத்தில் குழல் பிடிக்கிற அத்தனை பேரும் அவளுக்குத் துணையாளாக ஏற்கெனவே பழகி நிற்கிறார்கள். பெஞ்சு அடித்துக் கொடுத்த நாளிலிருந்து, தன்னால்தான் அவள் வலை செய்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். வெளியே சொன்னதில்லை, ஆனால் நினைத்திருந்தார். அப்படி நினைத்தது அவளுக்கும் தெரியுமோ என்று இப்போது தோன்றியது. அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. களைப்பு இருந்தது, நெற்றியில் கொஞ்சம் மாவு இருந்தது.

அவள் குனிந்து, பெஞ்சிலிருந்து கருவிப் பலகையின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினாள். வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கம் வைத்தாள். ஓர் ஆணி இறங்க மறுத்தது. அவர் சுத்தியலை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, தானே அடித்தாள். பிறகு நீண்ட கரண்டியை எடுத்துக்கொண்டு உலையின் வாய்க்குப் போய், உருகிய கண்ணாடியின் மேல் மிதந்த அழுக்கை வழிக்கலானாள். சிவந்த வெளிச்சம் அவள் முழங்கைவரை ஏறியது.

மேலாளர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் காற்று அவர் சட்டையைப் புடைக்கவைத்தது. பொறுமையான மனிதர்; ஆனால் திரும்பிப் போய்ச் சொல்வதற்கு அவருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. அப்படியானால் வருகிற தேதியை என்னவென்று சொல்லட்டும் என்று கேட்டார்.

ஊதுகாரர் அவரைப் பார்த்தார். பிறகு உலைக்கு முன் நின்ற முதுகைப் பார்த்தார்.

“வீட்ல பேசிட்டுச் சொல்றேன்” என்றார்.

உலைப்பக்கமிருந்து, கரண்டியை நிறுத்தாமல், அவள் குரல் வந்தது.

“பேசுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”